ஜன்னலடியில் புறாப் பூ

ஜனவரி 3

இந்த நோட்டின் முன்பக்கமெல்லாம் அளவுகள். யாருக்குத் தோள் எவ்வளவு, யாருக்குக் கை இறக்கம் எவ்வளவு என்று அருப்புக்கோட்டையில் எழுதியவை. பின்பக்கம் சும்மா கிடந்தது. பேச ஆளில்லாத ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன், இதிலாவது பேசுவோம் என்று ஆரம்பிக்கிறேன்.

நான் பாக்கியம், தையல்காரி. நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். என் அண்ணியே பந்தியில் சிரித்தாள். மாப்பிள்ளை பெயர் கதிரேசன். குன்னூரில் மலை ரயில் எஞ்சினைப் பழுது பார்க்கிற ஷெட்டில் ஃபிட்டர். முதல் மனைவி ரேணுகா காய்ச்சலில் தவறி நாலு வருஷம் ஆகிறது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், மிருதுளா. நான் வந்து நாலு மாதம்.

எங்கள் ஊரில் மார்கழி என்றால் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு "அப்பாடி, என்னா குளிரு" என்போம். இங்கே வந்தபிறகுதான் தெரிகிறது, அது குளிரே இல்லை, வாய்ப்பேச்சு. இங்கே தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைக்காமல் தலைக்கு எண்ணெய் கிடையாது.

ஃபிட்டர் சார் இன்று பேசியது ஒன்பது வார்த்தை. எண்ணினேன். மிருதுளா அதுவும் இல்லை. என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். காபி வேண்டுமென்றால் டம்ளரை மேடையில் டொக்கென்று வைப்பாள். நான் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொண்டுவந்த பையில் பாதிச் சாமான் அப்படியே பீரோவுக்கு மேலே இருக்கிறது. எடுத்து அடுக்க நேரமில்லை.

ஜனவரி 9

மழை. ரவிக்கை இரண்டு, பாவாடை ஒன்று. பதினோரு வார்த்தை.

ஜனவரி 14, போகி

காலையில் பழைய பாய், கிழிந்த தலையணை உறை, உடைந்த முறம் எல்லாவற்றையும் வாசலில் குவித்தேன். வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டேன். அப்புறம் மிருதுளாவின் அறை ஜன்னலுக்கு வெளியே கிடக்கிற துண்டு நிலத்துக்குப் போனேன். வந்த நாளிலிருந்து என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த இடம். எங்கள் கரிசல் பக்கம் வீட்டைச் சுற்றிப் புல் பூண்டு நின்றால், "பொம்பள இருக்குற வீடா இது?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். பாம்பு, தேள் பயம் வேறு. தரை வழித்த தட்டாக இருக்க வேண்டும். இங்கே என்னவென்றால் காய்ந்த தண்டும் கருகிய இலையுமாக இருபது முப்பது தூர் செத்துக் கிடந்தன.

அருவாளும் கொத்துக் கம்பியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேர் சாமானியத்தில் வரவில்லை, கேரட் மாதிரி ஆழமாக இறங்கியிருந்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். மிருதுளா ஜன்னலில் தலை வாரிக்கொண்டு நின்றாள். வந்து ஒரு கை கொடுப்போம் என்று தோன்றுகிறதா பார் இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்தேன். எல்லாத் தூரையும் பாயோடு சேர்த்துக் கொளுத்தினேன். நன்றாகத்தான் எரிந்தது.

அதற்கப்புறம் மிருதுளா வெளியே வந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"அது அம்மாவோட புறாப் பூ" என்றாள்.

"எது?"

"நீங்க எரிச்சது. குளிருக்கு அப்படித்தான் காஞ்சு கெடக்கும். சித்திரையில பூக்கும். அம்மா போனப்புறம் அது ஒண்ணுதான் வருஷா வருஷம் திரும்பி வந்துட்டிருந்துச்சு."

நாலு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய பெரிய பேச்சு அதுதான். நான் நெருப்புக்குள் கையை விட்டு நாலைந்து தூரை இழுத்து வெளியே போட்டேன். எல்லாம் வெந்து போயிருந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் ஃபிட்டர் சார் வந்தார். வெறும் மண்ணைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "பரவால்ல" என்றார். கை கழுவப் போனவர் கால் மணி நேரம் கழுவினார். திரும்பி வந்து, "வெரல்ல என்ன?" என்று கேட்டார்.

"பால் கொதிச்சு ஊத்திருச்சு."

களிம்பை எடுத்துவந்து அவரே தடவிவிட்டார். இன்று வார்த்தை எண்ணவில்லை.

ஜனவரி 15

பால் பொங்கியது. மூன்று பேரும் சாப்பிட்டோம். யாரும் இரண்டாவது தடவை பொங்கல் கேட்கவில்லை.

ஜனவரி 17

அண்ணன் போன் பண்ணினான். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். "ஒத்துவரலேன்னா வந்துரு தாயி. ஒனக்கு ஒரு தட்டு சோறு இங்க இல்லாமப் போயிருச்சா?" என்றான். "சரிண்ணே" என்றேன். பீரோ மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டினேன். மறுபடி மேலேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 21

அடுத்த வீட்டு மாதியக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். படகர் வீட்டு அம்மாள். அறுபது வயது இருக்கும். கேரட்டும் பூண்டும் போட்டிருக்கிறாள், மிச்ச இடமெல்லாம் பூ.

"கண்ணு தெரியுமா தெரியாதா உனக்கு? ரேணுகா அதை எப்படிப் பாத்துக்குவா தெரியுமா அம்மிணி?"

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. எனக்குத் தெரிஞ்ச பூவெல்லாம் மல்லியும் கனகாம்பரமும்தான். செத்த மாதிரி நடிக்கிற செடியை நான் எங்கக்கா பாத்தேன்?"

என் விரலைப் பார்த்தபின் குரல் இறங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தாள். கருகருவென்று மினுங்குகிற விதை, எள்ளைவிடச் சின்னது. ரேணுகா கொடுத்த விதையில் அக்கா வீட்டில் ஒரு ஓரம் இந்தப் பூ வளர்ந்திருக்கிறது. அதில் எடுத்த விதை. நர்சரியில் இதற்குக் கொலம்பைன் என்று பெயராம். பூவைத் தலைகீழாகப் பிடித்தால் ஐந்து புறா தலையைச் சேர்த்து வைத்துத் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்குமாம். மிருதுளா மூன்று வயதில் அதைப் பார்த்து "புறா" என்று கத்தினாளாம். அதிலிருந்து அந்த வீட்டில் அது புறாப் பூ.

"இந்தச் சித்திரைக்கே பூத்துருமாக்கா?"

"இந்த வருஷம் இலைதான். பூ அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷமா! அதுக்குள்ள எங்க ஊர்ல ரெண்டு தடவ பருத்தி எடுத்துருவாங்களே!"

"அப்ப அங்கயே போய்ப் பருத்தி எடு" என்றாள் மாதியக்கா.

அடுத்த சித்திரையில் மிருதுளா பன்னிரண்டாவது முடித்திருப்பாள். கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவாள். போகிற பிள்ளை ஜன்னலைத் திறந்தால் வெறும் மண் தெரியக்கூடாது. அதற்குள் பூத்தாக வேண்டும். அதுவரை இருந்துவிட்டு, அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஜனவரி 24

பாதி விதையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஒரு விரற்கடை ஆழம் கீறிப் போட்டு மூடினேன். விதை போடுவதை எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா? விதைத்து அறுக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை நான்.

பிப்ரவரி 27

ஒன்றும் முளைக்கவில்லை.

மாதியக்கா வந்து மண்ணைக் கிளறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த விதை வெளிச்சம் பார்த்தால்தான் முளைக்குமாம். மேலே தூவி லேசாக அழுத்திவிட வேண்டும், மண்ணைப் போட்டு மூடவே கூடாது. வெயிலில் காயவைத்ததையும் சொன்னேன். அக்கா அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"குளிரு காட்டணும் அம்மிணி! ஒரு மாசம் குளிரு பட்டாத்தான் அது கண்ணு முழிக்கும். ஈரத் துணியில சுத்தி ஃப்ரிட்ஜுல வை."

மீதி இருப்பது பாதிப் பொட்டலம். இதுவும் போனால் அவ்வளவுதான். அக்காவிடமும் வேறு விதை இல்லை.

மார்ச் 2

வைத்தேன். பழைய மருந்து டப்பாவில், ரவிக்கை வெட்டிய மல் துணியை நனைத்துச் சுற்றி, ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில். மேலே "தாளிக்க அல்ல" என்று எழுதி ஒட்டினேன். விதையை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன் என்று ஊரில் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

மார்ச் 12

மூன்று நாளாகத் தையல் நெருக்கடி, டப்பாவை மறந்தே போனேன். இன்று ஓடிப்போய்த் திறந்தால் துணி நல்ல ஈரம். டப்பாவும் கதவுத் தட்டில் இல்லை, உள்ளே குளிர் அதிகமான மேல் தட்டில் இருந்தது. ஃபிட்டர் சாரிடம் கேட்டேன். "நான் தொடலயே" என்றார். அப்புறம் யார், ஃப்ரிட்ஜில் பேயா குடியிருக்கிறது? எந்தப் பேயாக இருந்தாலும் நல்ல பேய்.

மார்ச் 20

ரேணுகாவின் பூ என்ன நிறம் என்று இவ்வளவு நாள் யாரிடமும் கேட்கவில்லை. மிருதுளாவிடம் கேட்க முடியாது. இன்று இவரிடம் கேட்டேவிட்டேன். "ஊதா" என்றார்.

"ஊதான்னா? என் பெட்டியில ஊதா மட்டும் ஆறு இருக்கு."

எழுந்து வந்து என் நூல்கண்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத எஞ்சின் மசி அவர் நகத்தில் இருக்கிறது. நூலில் படக்கூடாது என்று இரண்டு விரல் நுனியால் ஒவ்வொரு கண்டாக எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். கத்தரிப்பூ வேண்டாம். நாவல்பழம் வேண்டாம். கடைசியில், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. "இது" என்றார். அப்புறம், யாரும் கேட்காமலே, "மழ பேஞ்சு விட்டா இன்னும் கொஞ்சம் கருப்பாத் தெரியும். அவ எந்திரிச்ச ஒடனே அதத்தான் பாப்பா" என்றார். கண்டை மறுபடி விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பொறாமை வந்ததா என்றால், வந்தது. ஆனால் அவரை எழுந்து போகவிட மனசில்லை.

அந்தக் கண்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். அதில் தைக்கப்போவதில்லை.

ஏப்ரல் 4

தூவினேன். மூடவில்லை. மூடாமல் வருகிறதற்கு என் கையை நானே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏப்ரல் 29

முளைத்துவிட்டது! முளைத்துவிட்டது! குனிந்து மூக்கு மண்ணில் இடிக்கிற அளவு பார்த்தால்தான் தெரியும், ஊசிக்கண் அளவு பச்சை. இருபத்திரண்டு. மாதியக்காவைக் கூப்பிட்டேன், "ஏக்கா, ஓடியாங்க" என்று நான் கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது. மிருதுளா ஜன்னலை அரை சாண் திறந்தாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 8

பதின்மூன்று தேறியிருக்கிறது. மற்றவற்றை நத்தை தின்றுவிட்டது. இலை கொத்தமல்லியைப் பெரிதாக்கின மாதிரி, கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. மழைத்துளி அதில் ஒட்டுவதில்லை, உருண்டு உருண்டு நிற்கிறது. இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு இது பூக்க வேறு செய்யுமா!

இவர் ஷெட்டிலிருந்து ஒரு சாக்கு கரிச்சாம்பல் கட்டி கொண்டுவந்தார். எரிந்து மிஞ்சின கட்டி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகுமாம், அதனால் பாத்தியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி அதைப் போட்டார். மழையில் நனைந்துகொண்டே போட்டார். "நாளைக்குப் போடக்கூடாதா?" என்றால், "நாளைக்கும்தான் மழ" என்கிறார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஷெட்டில் புதிதாக வந்த எஞ்சினுக்கும் தலைமை ஃபிட்டருக்கும் ஆகாது என்று ஒரு கதை சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 19

இலையில் யாரோ வெள்ளைச் சுண்ணாம்பில் கிறுக்கின மாதிரி கோடு. இலைக்கு உள்ளேயே புழு சுரங்கம் வெட்டுகிறதாம். மாதியக்கா அந்த இலையைக் கிள்ளி எறியச் சொன்னாள். நாலு இலை கிள்ளும் முன் எனக்கு அழுகை வந்துவிட்டது. "புள்ளைக்கு முடி வெட்டுனாக்கூட அழுவியா நீ?" என்றாள். எனக்கு ஏது பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 20

பதின்மூன்றும் காய்ந்துவிட்டன. தண்டு கருகி, இலை சுருண்டு, அன்று நான் பார்த்த அதே கோலம். தூங்குகிறது, தூங்குகிறது என்கிறாள் மாதியக்கா. எனக்குத் தெரியும். தெரிந்தும் தினம் காலையில் போய் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

ஜனவரி 14, போகி

ஒவ்வொரு தூரின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, ரவிக்கை வெட்டுத் துண்டில் ஒரு நாடா கட்டிவிட்டேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பதின்மூன்று. இவர் பார்த்துவிட்டு, "தேர்தல் கூட்டமா?" என்றார். பழம்பாய் ஒன்று இருந்தது. அதைக்கூட எரிக்க மனம் வரவில்லை. சுருட்டி மூலையில் வைத்துவிட்டேன்.

மிருதுளா சாயங்காலம் வந்து நாடாவை எல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்ததை அடுக்களையிலிருந்து பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 11

காலையில் நடந்ததை இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

விடிந்து கொஞ்ச நேரம்தான். மிருதுளா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே புஸ் புஸ்ஸென்று சத்தம். எட்டிப் பார்த்தால் பாத்தியில் ஒரு எருமை! துளிர் விட்டிருக்கிற செடி மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு வந்ததே ஆத்திரம். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, "ஏய், த்தா, போ அங்கிட்டு! எந்த வீட்டு மாடு இது?" என்று நேரே அதன் முகத்துக்குப் போய்விட்டேன். எருமை என்றால் எனக்கென்ன பயம்? எங்கள் வீட்டில் மூன்று நின்றன. இது மட்டும் கொஞ்சம் உயரமாக இருக்கிறதே, காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றினதும் உண்மைதான்.

"சித்தி! சித்தி, உள்ள வாங்க! அது எருமை இல்ல, காட்டு மாடு!"

மிருதுளாதான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அவ்வளவு பெரிய தலையை நான் கோயில் யானையில்தான் பார்த்திருக்கிறேன். விளக்குமாற்றை ஓங்கினபடியே அசையாமல் நின்றேன். அது என்னைவிட விளக்குமாற்றை மதித்ததோ என்னவோ, மெதுவாகத் திரும்பிச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

மிருதுளா வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு? போன வருஷம் கீழ் ரோட்டுல ஒருத்தரை முட்டித் தூக்கிப் போட்டிருக்கு!" என்று ஒரே கத்தல். என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு அழுதாள். திட்டு வாங்க இவ்வளவு நன்றாயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாலு செடி நசுங்கிவிட்டது. ஒன்பது இருக்கிறது. இவர் ஷெட்டில் கேட்டு வாங்கின பழைய கம்பி வலையைப் போட்டு வேலி கட்டினார்.

அவள் "சித்தி" என்றது அமளியில் யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது.

ஏப்ரல் 20

மொட்டு. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பின்பக்கம் ஐந்து கொம்பு. ஒன்பது செடியில் ஏழில். நிறம் இன்னும் தெரியவில்லை. நூல்கண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறேன்.

ஏப்ரல் 26

பூத்துவிட்டது.

ஊதா இல்லை.

வெளி இதழ் வெளிறின ரோஜா நிறம், உள்ளே வெள்ளை. இன்னொன்று முழு வெள்ளை. மூன்றாவதில் ஊதா மாதிரி ஒரு சாயை விழுந்து, அதுவும் முழுசாக இல்லை. கண்டை எடுத்து ஒவ்வொரு பூவிலும் வைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை. மாதியக்காவைக் கேட்டால், "என் வீட்டுல வெள்ளையும் நிக்குதே அம்மிணி. வண்டு அதுல உக்காந்து இதுல உக்காந்து கலந்துவிட்டிருக்கும். இந்தப் பூ அப்படித்தான், தாய் மாதிரியே வராது" என்கிறாள். இதை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா!

ஒன்றேகால் வருஷம். எரித்தது எரித்ததுதான், திருப்பிக் கொடுக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மிருதுளா வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இது உங்கம்மா பூ இல்ல தாயி. நெறம் மாறிப்போச்சு. நூல வச்சுப் பாத்துட்டேன், சேரவே இல்ல" என்றேன்.

அவள் அந்த ரோஜா நிறப் பூவைக் காம்போடு மெதுவாகத் திருப்பித் தலைகீழாகப் பிடித்தாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"அஞ்சு புறாவும் இருக்கு" என்றாள்.

பூவைக் கையிலிருந்து விடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க மொதச் செடியில கைய வைக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நீங்க ஏதாச்சும் பெரிய தப்பாப் பண்ணணும், அப்பா கோவத்துல உங்களை ஊருக்கு அனுப்பிரணும்னு நெனச்சேன். அப்பா கோவமே படல. நீங்க கைய வேற சுட்டுக்கிட்டீங்க. எங்கம்மா பூவை எரிச்சது நீங்க இல்ல, நான்தான்."

சொல்லி முடிக்கும் முன் விம்மிவிட்டாள்.

"தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"நீ நின்னது. ஒரு மணி நேரம் எவளாச்சும் ஒரே சிக்கையா எடுப்பா? சீப்பு தலையில வச்ச எடத்துலயே வச்சபடி இருந்துச்சு. அன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ளயே எனக்கு வெளங்கிருச்சு."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? குத்தவாளி ரெண்டாயிருக்கும். உங்கப்பா பாவம், ஒரு ஆளை மன்னிக்கவே கால் மணி நேரம் கை கழுவுனாரு."

அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஃப்ரிட்ஜுல டப்பாவை மேல எடுத்து வச்சதும் நான்தான். அம்மா அங்கதான் வைப்பாங்க" என்றாள்.

"அது மட்டும் தெரியாது. நான் பேய்னு நெனச்சுட்டேன்."

மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பதினேழு வயதுப் பிள்ளையின் தலை என்ன கனம்! கால் மரத்துப்போயிற்று. அசையவில்லை.

சீப்பு விஷயத்தை இந்த நோட்டில்கூட அன்று எழுதாமல் விட்டேன். எழுதி வைத்தால் என்றைக்காவது யாராவது படிப்பார்கள். இனி யார் படித்தாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 27

இவர் வேலைக்குக் கிளம்புமுன் பாத்தியருகே நின்றார். "இதுக்கு உன் பெட்டியில கண்டு இல்ல" என்றார். "புதுசா ஒண்ணு வாங்கணும்."

ஜூன் 24

மிருதுளாவுக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் தாவரவியல் கிடைத்திருக்கிறது. நாளை விடுதிக்குப் போகிறாள். நாலு சுடிதார் தைத்தேன், ஸ்வெட்டர் வேண்டாம் என்றவளைத் திட்டி ஒன்று வைத்தேன். பெட்டி போதவில்லை. பீரோ மேலிருந்த என் பையை இறக்கினேன். உள்ளே இருந்த இரண்டு சேலை, பழைய கத்தரிக்கோல், அண்ணன் வீட்டு விலாசம் எழுதின அட்டை எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பையை உதறி அவளிடம் கொடுத்தேன்.

"உங்களுக்கு வேணாமா சித்தி?"

"எனக்கெதுக்கு? சும்மாதானே கெடக்கு."

இவர் வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரே ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டார்.

ஜூலை 12

காய் வெடித்துக் கருப்பு விதை கலகலவென்கிறது. பாதியை மண்ணிலேயே உதிரவிட்டேன். பாதியைப் பொட்டலம் கட்டி ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் வைத்தேன்.

ஜனவரி 14, போகி

மிருதுளா நேற்றே வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, "எங்க அந்தப் பழம்பாய்? ஒரு வருஷமா வச்சு அழகு பாக்குறீங்களாமே" என்று அவளே தூக்கி வாசலில் போட்டாள்.

இன்று காலை தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். பாத்தியில் பழைய தூர் ஒன்பதும் கருகி, மண்ணில் உதிர்ந்த விதையோடு சேர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு குறும்பு வந்தது. அருவாளை எடுத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடந்து போய், முதல் தூருக்கு நேரே உட்கார்ந்து கையை ஓங்கினேன்.

சீப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து விழுந்தது.

"சித்தி! கைய வச்சீங்க, நடக்குறதே வேற! அது சாகல, தூங்குது! எத்தனை தடவ சொல்றது உங்களுக்கு?"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மாதியக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இவர் உள்ளேயிருந்து என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். நான் அருவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன், சிரித்து முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இல்லடி, வெட்டல" என்றேன். "நீ சொல்றியான்னு பாத்தேன்."

சீப்பை எடுத்துத் துடைத்து ஜன்னல் வழியே கொடுத்தேன். வாங்கவில்லை. திரும்பி நின்று, "நீங்களே வாரிவிடுங்க" என்றாள். ஈரத் தலை. சிக்கு எடுக்க அரை மணி நேரம் ஆனது.